வேர் பிடித்த ஆறுமணிக்குருவி

உலகம்மாளின் புறவாசலில், கத்தரிப் பாத்திக்கும் அவரைப் பந்தலுக்கும் நடுவில், ஆறுமணிக்குருவி ஒன்று வேர் பிடித்துக்கொண்டது அந்த வருடத்துப் பங்குனியில்தான். அதற்கு முன்னால் அப்படி எதுவும் நடந்ததில்லை. நடந்திருந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள், ஏனென்றால் குருந்தடி என்கிற அந்த ஊரில் ஒரு கோழி முட்டையிடுகிற இடத்தை மாற்றினாலே மேலத்தெருச் சேதி கீழத்தெருவுக்கு வந்து, அங்கிருந்து இரண்டு கோழியாகத் திரும்பிப் போகும்.

ஊர் உலகமெல்லாம் வசந்தம் வந்தால் சந்தோஷப்படுகிறார்கள். மலையடிவாரத்துக் குருந்தடிக்கு வசந்தம் என்றால் பிரிவு. ஐப்பசி மழையோடு வடக்கேயிருந்து வந்து, வேலியிலும் வாய்க்காலிலும் புறவாசல் சருகிலும் குடித்தனம் நடத்தின பறவைகளெல்லாம், பங்குனி பிறந்து வேப்பம்பூ உதிரத் தொடங்கியதும், ஒருவரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடும். பறவைகள் மட்டுமா? பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் சாஸ்தாவைக் கும்பிடப் பம்பாயிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் கடல் தாண்டியும் வந்த பிள்ளைகள், பொங்கல் பானை ஆறுவதற்குள் பஸ் ஏறிவிடுவார்கள். மாமரம் பூத்துக் கிடக்க, குயில் கத்திக் கிடக்க, வேப்பம்பூவைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே பெண்கள் மூக்கைச் சிந்துகிற மாதம்தான் அங்கே வசந்தம்.

உலகம்மாளின் புருஷனும் ஒரு பங்குனியில்தான் போனான். உத்திரம் கழிந்து பம்பாய்க்குப் போனவன் போனவன்தான். இருக்கிறானா இல்லையா என்று தெரியாததால் அவள் தாலியைக் கழற்றவும் இல்லை, அவனுக்காக உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடவும் இல்லை. அழுவதற்குப் பதில் வெண்டை போட்டாள். வெண்டைக்குப் பக்கத்தில் கத்தரி, கத்தரிக்குப் பக்கத்தில் மிளகாய், கழுநீர் போகிற இடத்தில் வாழை, வேலியோரம் முருங்கை, அடுப்பங்கரை வாசலில் அவரைப் பந்தல் என்று, வேர் உள்ள எதையும் விடாமல் வைத்து வளர்த்தாள், ஏனென்றால் வேர் உள்ளது எதுவும் பஸ் ஏறாது.

அந்தத் தோட்டத்துக்குள்தான் அவள் மகள் முப்பிடாதி வளர்ந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும், வளர்ந்த பிறகு நர்ஸ் படிப்பு விடுமுறைக்கு வந்தாலும், சாயங்காலம் தண்ணீர் விட்டு முடித்த கையோடு தாயும் மகளும் கருப்பட்டிக் காப்பியை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கி வெறுங்காலோடு நிற்பார்கள். காய்ந்த சருகில் நின்றால் காலடிச் சத்தத்துக்குப் பறவை பறந்துவிடும். ஈர மண்ணில் கணுக்கால் வரைக்கும் புதைய நின்றால் அதற்கு நம்மை ஆள் என்றே தெரியாது. இது உலகம்மாள் கண்டுபிடித்தது. அப்படி நின்றுதான் தேன்சிட்டு செம்பருத்திக்குள் தலையை விடுவதையும், வாலாட்டிக் குருவி வாய்க்கால் விளிம்பில் வாலாட்டிக்கொண்டே நடப்பதையும், முருங்கையில் மாங்குயில் மஞ்சளாக வந்து உட்காருவதையும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். தவிட்டுக்குருவிக் கூட்டம் கூச்சல் போட்டுக்கொண்டு வந்தால் முப்பிடாதி, அடுத்த வீட்டுக்காரியை நினைத்து, "சொர்ணத்தாய் அத்தை வந்தாச்சு" என்பாள். உலகம்மாளுக்குக் காப்பி புரையேறும்.

எல்லாவற்றுக்கும் ராஜா ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றுக்கடியில் குங்குமச் சிவப்பு, வால் மட்டும் யாரோ கத்தரித்துவிட்ட மாதிரி கட்டை. பகலெல்லாம் சருகுக்குள் தத்தித் தத்திப் புழு பொறுக்கும். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டு விசில் அடிக்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் ஊரில் விளக்கேற்றுவார்கள், பால் கறப்பார்கள், உலை வைப்பார்கள். அதற்குத் தோட்டக்கள்ளன் என்றும் ஒரு பெயர் உண்டு, ஆனால் அது எதையும் திருடி யாரும் பார்த்ததில்லை.

அந்தப் பங்குனியில் முப்பிடாதிக்குக் கடல் கடந்த குளிர் நாடு ஒன்றில், ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. சித்திரையில் கிளம்ப வேண்டும்.

"ஏட்டி, அங்க பனியில கத்தரிக்கா காய்க்குமா?" என்றாள் உலகம்மாள், களை பறித்துக்கொண்டே.

"கடையில கிடைக்கும்மா."

"கடையில கிடைக்கதையா கேட்டேன்?"

"ரெண்டு வருசம்தாம்மா. வந்துருவேன்லா."

உலகம்மாள் பறித்த களையை வேலிக்கு அப்பால் எறிந்தாள். ஆறுமணிக்குருவி அவரைப் பந்தலுக்கடியில் நின்று அவளைப் பார்த்தது. "நீ எப்பம் கிளம்புத?" என்று அதனிடம் கேட்டாள், கேட்டுவிட்டு மிச்சத் தண்ணீரை அது நின்ற பக்கமாக ஊற்றினாள். இதனால்தான் அது நடந்தது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள்; எதனால் நடந்தால் என்ன, நடந்தது.

மறுநாள் விடிந்து அவள் போனபோது குருவி அதே இடத்தில் நின்றது. கிட்டே போனாள், பறக்கவில்லை. இன்னும் கிட்டே போனாள், பறக்கவில்லை. சீக்காக்கும் என்று இரண்டு கையாலும் தூக்கினாள். கீரைத்தண்டைப் பிடுங்கும்போது கையில் தெரியுமே ஒரு பிடிப்பு, அது தெரிந்தது. மண்ணை விலக்கிப் பார்த்தால் விரல்கள் இருந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக வேர்.

"பிடுங்கி விட்டுருவோமாம்மா?" என்றாள் பின்னால் வந்த முப்பிடாதி.

"வேரறுந்தா பட்டுப்போவும். இருக்கட்டும்" என்று சொல்லி மண்ணை அணைத்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் ஊற்றுவதைத் தவிர அவளுக்கு வேறு வைத்தியம் தெரியாது.

ஊர் வந்து பார்த்தது. வந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள் என்று சொன்னால் பொய். குருவிக்கு எந்த உரம் ஏற்கும் என்றுதான் கேட்டார்கள். வேப்பம்புண்ணாக்கு நல்லது என்றது ஒரு கட்சி, புண்ணாக்கின் வாடைக்குப் புழு வராது, புழு வராவிட்டால் குருவி என்ன தின்னும் என்றது இன்னொரு கட்சி. கோயில் தர்மகர்த்தா வைரவன், இது செடியா பறவையா என்பதைத் தீர்மானிக்காமல் ஒன்றும் செய்யக்கூடாது என்று கூட்டம் போட்டார். பறவையென்றால் இறகு பிடுங்குவது பாவம், செடியென்றால் கிள்ளுவதில் தப்பில்லை. இடுப்புக்கு மேல் பறவை, இடுப்புக்குக் கீழ் செடி என்று தீர்ப்பாயிற்று, அதாவது அவரவர் சௌகரியம்.

குருந்தடியில் செடியைக் கேட்டு வாங்குகிற வழக்கம் இல்லை. கேட்டு வாங்கினது கருகும், திருடி வைத்ததுதான் தழைக்கும். கறிவேப்பிலையோ பிச்சிக்கொடியோ, வேண்டுமென்றால் போய்த் திருட வேண்டும். திருட ஆள் வந்தது தெரிந்ததும் வீட்டுக்காரி முதுகைக் காட்டிக்கொண்டு வேறு வேலை பார்க்க வேண்டும். வந்தவர் வேலியைத் தாண்டியபின் ஒருமுறை இருமிக்கொள்ளலாம். அந்தப் பங்குனி முழுக்க உலகம்மாள் இருமிக்கொண்டே இருந்தாள். வந்தவர்கள் குருவியிலிருந்து ஆளுக்கொரு இறகு பிடுங்கிக்கொண்டு போய், முருங்கைப் போத்து நடுகிற மாதிரி சாணியில் தோய்த்துச் சாய்த்து நட்டார்கள். இறகிலிருந்து ஒன்றும் முளைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த மண்ணில் வந்து இறங்கின பறவை எதுவும் திரும்ப எழும்பவில்லை.

இப்படியாக வாய்க்கால் விளிம்பில் வாலாட்டிக் குருவிகள் வேர் பிடித்தன, வேலிக்கம்பில் கீச்சான் வேர் பிடித்தது, தர்மகர்த்தா வீட்டு முருங்கையில் மாங்குயில் ஒட்டுக்கட்டின மாதிரி கிளையோடு சேர்ந்தது. பங்குனி முடிந்து சித்திரை பிறந்தும் ஒரு பறவையும் போகவில்லை. வெயிலேற ஏற மாமரத்தடியில் பறவைகள் நிறம் நிறமாக நிற்க, ஊர் கயிற்றுக் கட்டிலைப் புறவாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, காப்பியும் முறுக்குமாக உட்கார்ந்து பார்த்தது. பதுங்க வேண்டியதில்லை, மூச்சைப் பிடிக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் கிட்டே போய்க் கன்னத்தைத் தடவினார்கள். இத்தனை நாள் இந்தச் சுகத்தை விட்டுவிட்டோமே என்றார்கள் பெரியவர்கள். பிற்பாடு கட்டில்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பழகப் பழகப் பாலும் புளிக்கும்.

குருவி விசிலடிப்பதை நிறுத்தியதை முதலில் கவனித்தவள் முப்பிடாதிதான். ஆறு மணி வரும், அலகு திறக்கும், சத்தம் வராது. ஊரில் விளக்கேற்றுகிற நேரம் பிசகியது, மாடுகள் மடி கனத்துக் கத்தின, அப்புறம் எல்லாரும் செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டார்கள். இன்னொன்றும் இருந்தது. எந்தத் தோட்டத்தில் எந்தப் பறவையானாலும் அது வடக்கே பார்த்து நின்றது. தூக்கித் திருப்பி வைக்க முடியாது. கழுத்தை மெல்லத் திருப்பிவிட்டாலும் கையெடுத்ததும் வடக்கே போகும். தென்காற்று வீசுகிற சாயங்காலங்களில் ஊரில் உள்ள அத்தனை பறவைகளும் ஒரே நேரத்தில் சிறகடித்தன. சத்தமில்லாமல் கத்தி, மண் பிளக்க அடித்தன. காற்று நின்றதும் வீட்டுக்கு வீடு களைக்கொட்டோடு வந்து, பிளந்த மண்ணை அணைத்துத் தட்டிவிட்டுப் போனார்கள்.

"பாவமா இருக்கும்மா" என்றாள் முப்பிடாதி.

"வேளாவேளைக்குத் தண்ணி இருக்கு, புழு இருக்கு. இதுல என்ன பாவம்" என்றாள் உலகம்மாள். சொல்லும்போது மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வீட்டுச் சொர்ணத்தாயின் புருஷன் சங்கிலிபூதத்தான், வீட்டில் தங்காத மனுஷன். ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எங்காவது போய்விடுவான், மாதக்கணக்கில் ஆளிருக்காது. அந்தத் தடவையும் பையெல்லாம் கட்டி வைத்துவிட்டு, கால் கழுவிவிட்டுக் கிளம்பலாம் என்று துவைகல் பக்கம் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். சொர்ணத்தாய் இறகை அங்கேதான் நட்டிருந்தாள்; தினமும் அங்கே துவைக்கிற அவளை விட்டுவிட்டு, கிளம்ப நின்றவனைத்தான் மண் பிடித்துக்கொண்டது.

"மைனி, பத்து வருசத்துல இப்பந்தான் அந்த மனுசனை நிதானமாப் பாக்கேன். இடது புருவத்துல ஒரு மச்சம் இருக்கு, தெரியுமா?" என்றாள் அவள் வேலிக்கு அப்பாலிருந்து, சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும்.

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. ரேஷன் கடைக்காரர் கைரேகை வாங்க மெஷினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். முடிவெட்டுகிறவர் வந்து போனார். சீட்டாட்டக் கூட்டாளிகள் கொஞ்ச நாள் அவனைச் சுற்றி உட்கார்ந்து ஆடினார்கள், அவன் சீட்டைப் பார்க்காமல் வடக்கே பார்த்துக்கொண்டிருந்ததால் எழுந்து போய்விட்டார்கள். ஆம்பிளை என்றால் வீட்டில் இப்படி நிலையாக இருக்க வேண்டும் என்று சில பெண்கள் சொன்னார்கள், சொல்லிவிட்டு இறகுக்கு எங்கே போவது என்று யோசித்தார்கள்.

உலகம்மாளும் யோசித்தாள். மகளுக்கு வாங்கின பெட்டி கூடத்தில் நின்றது. அதைத் தாண்டித் தாண்டித்தான் அடுப்பங்கரைக்குப் போக வேண்டியிருந்தது. தன் குருவியின் இறகு தனக்கு உதவாது என்று அவளுக்குத் தெரியும். சொந்தச் சொத்தைத் திருட முடியாதே. ஒருநாள் மத்தியானம் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு சொர்ணத்தாயின் புறவாசலுக்குள் நுழைந்தாள். சொர்ணத்தாய் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள், யார் என்று பார்த்தாள், எதற்கு என்று புரிந்துகொண்டாள், முதுகைத் திருப்பிக்கொண்டாள். உலகம்மாள் துவைகல்லோரத்து வாலாட்டியிடமிருந்து ஓர் இறகைப் பிடுங்கினாள். வடக்கே பார்த்திருந்த சங்கிலிபூதத்தானின் கண் மட்டும் திரும்பி அவளைப் பார்த்தது. வேலியைத் தாண்டியதும் பின்னால் இருமல் சத்தம் கேட்டது. உலகம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தாயும் மகளும் காப்பியோடு நிற்கிற வெண்டைப் பாத்தியில், மகள் நிற்கிற இடமாகப் பார்த்து நட்டாள்.

அன்று சாயங்காலம் முப்பிடாதி வழக்கம்போல் பாத்திக்குள் இறங்கினாள். நாளைக்கு விமானத்துக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் கடைசித் தடவையாகப் பார்க்கிறவளாக, தேன்சிட்டு, தையல்சிட்டு, பேசாத ஆறுமணிக்குருவி என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி ஆறிப்போயிருந்தது. திரும்பி வீட்டுக்கு வரக் காலை எடுத்தாள்.

"அம்மா, காலை விடமாட்டேங்கு."

உலகம்மாள் பூவாளியைப் பிடித்தபடி நின்றாள்.

முப்பிடாதி குனிந்து மண்ணைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். கத்தவில்லை. "நீதானா?" என்று மட்டும் கேட்டாள்.

"ராசாத்தி, உனக்கு ஒரு குறை வைக்க மாட்டேன்" என்றாள் உலகம்மாள். சொல்லிவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். நான் இதைச் சொல்லாமல் தாண்டிப் போகலாம், அவள் நல்லவள், பாவப்பட்டவள். ஆனால் ஊற்றினாள், பூவாளி காலியாகிற வரைக்கும் ஊற்றினாள்.

விமானம் போயிற்று. பெட்டி கூடத்திலேயே நின்றது. உலகம்மாள் மகளுக்கு ஓலைப்பந்தல் போட்டாள், தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பின்னிவிட்டாள், சோற்றை உருட்டிக் கையில் வைத்தாள், வெண்டைக்காய்ப் பச்சடியும் கத்தரிக்காய்த் தீயலுமாகத் தினமும் சமைத்தாள். ஊர் வந்து பார்த்து, பொம்பளைப்பிள்ளை கண்ணுக்கு முன்னால் இருப்பது எவ்வளவு நிம்மதி என்றது. தர்மகர்த்தா, மாப்பிள்ளை வீட்டார் இனி இங்கேதான் வரவேண்டும் என்று சிரித்தார். முதலில் முப்பிடாதி பேசினாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள், ஆஸ்பத்திரியில் தனக்காகக் காத்திருப்பார்கள் என்றாள். பிறகு 'உம்' மட்டும் சொன்னாள். பிறகு அதுவும் இல்லை. முகம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, உலகம்மாள் சோற்றை வடக்குப் பக்கம் சுற்றிப்போய்க் கொடுக்க வேண்டியதாயிற்று. அங்கே நின்று கண்ணைப் பார்த்தால், அந்தக் கண் அவளைத் தாண்டி எங்கோ போனது. சாயங்காலம் பக்கத்தில் நின்று, "ஏட்டி, அங்க பாரு, சொர்ணத்தாய் அத்தை வந்தாச்சு" என்று தவிட்டுக்குருவிகளைக் காட்டுவாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். புருஷன் போன அன்றைக்குக்கூட அந்த வீடு அவ்வளவு காலியாக இருந்ததில்லை.

அக்கினி நட்சத்திரம் தொடங்கியதும் பறவைகள் பட்டுப்போகத் தொடங்கின. வாய்க்கால் வறண்டு வாலாட்டிகள் முதலில் போயின, அப்புறம் கீச்சான், அப்புறம் மாங்குயில். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் ஏற்கவில்லை, வேர் மட்டும் ஈரமாக இருக்க மேலே காய்ந்தன. ஊர் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. வெயிலுக்குச் செடி பட்டுப்போவது புதுசா என்று பிடுங்கி உரக்குழியில் போட்டார்கள். அடுத்த ஐப்பசிக்கு இறங்குகிறவை இறங்கட்டும், இறகு பத்திரமாக இருக்கிறது என்றார்கள். ஒரு காலையில் உலகம்மாளின் ஆறுமணிக்குருவியும் நின்றபடியே பட்டிருந்தது. நீலம் வெளுத்து, பச்சை வெளுத்து, சிறகு இரண்டும் பாதி விரிந்து, அலகு வடக்கே திறந்திருந்தது.

அவள் அதைக் கையில் எடுத்தாள். வற்றலைவிட லேசாக இருந்தது. அப்படியே தலையைத் தூக்கி வெண்டைப் பாத்தியைப் பார்த்தாள். மகளின் இரண்டு கைகளும், யாரும் தூக்கிவிடாமலே, உடம்பைவிட்டுக் கொஞ்சம் விலகி விரிந்திருந்தன. உதடு வெடித்திருந்தது.

உலகம்மாள் குருவியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். களைக்கொட்டை எடுத்து மண்டியிட்டு, மகளின் காலைச் சுற்றிக் கொத்தத் தொடங்கினாள். எத்தனையோ வருடமாக எதையும் வேரோடு காப்பாற்றிப் பழகின கை, வேரை அறுக்கத் தெரியாமல் திணறியது. விரலுக்கு விரல் வெள்ளை வேர், வெண்டை வேரோடு பின்னி, கத்தரி வேரோடு பின்னி, அவரைப் பந்தல் வரைக்கும் ஓடியிருந்தது. ஒவ்வொன்றாகத் தேடி அறுத்தாள். அறுக்கும்போதெல்லாம் முப்பிடாதியின் உடம்பு அதிர்ந்தது. "பொறுத்துக்க தாயி, பொறுத்துக்க, பொறுத்துக்க" என்று சொல்லிக்கொண்டே அறுத்தாள், அழுதுகொண்டே அறுத்தாள். வேலிக்கு அப்பால், இன்னும் வடக்கே பார்த்து நின்ற புருஷனைத் தாண்டி, சொர்ணத்தாய் வந்து நின்று, என்ன நடக்கிறது என்று பார்த்தாள், வழக்கப்படி முதுகைத் திருப்பிக்கொண்டாள். இந்தத் தடவை அவள் இருமவில்லை.

மகளைக் கைத்தாங்கலாகத் தன் வீட்டுத் துவைகல்லில் உட்காரவைத்து, மஞ்சள் தண்ணீரால் காலைக் கழுவிவிட்டாள். அடிப்பாதமெல்லாம் அறுந்த முனைகள். முப்பிடாதி தன் காலைக் குனிந்து பார்த்தாள், பிறகு எழுந்து நின்றாள், விழப்போனவளை உலகம்மாள் பிடிக்க வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவரைப் பிடித்தபடியே கூடத்துக்குப் போய் முகம் கழுவி, சேலை மாற்றி, பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். அந்த வேலை இன்னும் இருக்கிறதா, எந்த ஊருக்கு, எந்த பஸ்ஸில் என்று உலகம்மாள் கேட்கவில்லை. ஒருவாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்ல வாய் வந்தது, அதையும் விழுங்கிக்கொண்டாள்.

வாசற்படியில் இறங்கி, தெருவில் கால் வைத்தபின், முப்பிடாதி நின்றாள். திரும்பவில்லை. அத்தனை நாள் கேட்காத குரல், தொண்டையில் மண் கிடக்கிற மாதிரி கரகரப்பாக வந்தது.

"போறேம்மா" என்றாள்.

குருந்தடியில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கடைக்கு உப்பு வாங்கப் போகிறவன்கூடப் போய்ட்டு வாரேன் என்றுதான் சொல்லுவான். சின்னப்பிள்ளை வாய் தவறிச் சொல்லிவிட்டால் தாய்க்காரி ஓடிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தி, வாரேன் என்று சொல்லவைத்த பிறகுதான் தெருவில் விடுவாள். உலகம்மாளின் கை பாதி தூரம் நீண்டது. கையில் மண் இருந்தது. அதை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சரி தாயி, பாத்துப் போ" என்றாள்.